கால்மாட்டுச் செங்கல்

மறுபடியும் பத்துதான் காட்டியது. ஆயிரம் காட்டவேண்டிய இடத்தில் பத்து. பரஞ்சோதி திரையில் நெட் வேகம் காட்டுகிற அந்தச் சின்னப் பெட்டியை மூடினான், திறந்தான், மறுபடி மூடித் திறந்தான். அதே பத்து. கேட்டால் கேட்டபடி சொல்லிக்கொண்டேயிருக்கும், அதற்கென்ன வெட்கமா மானமா. லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒயர் சொருகிய துளைக்குப் பக்கத்தில் பச்சையாக எரியவேண்டிய பொட்டு விளக்கு ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு மின்னியது. மின்னட்டும் என்று விட்டான். கோபம் வரவில்லை. வந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், மேஜையை ஒரு குத்துக் குத்தியிருக்கலாம். காலையிலேயே சென்னையிலிருந்து ஷர்மிளா மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உங்க நெலம எனக்குப் புரியுது பரஞ்சோதி, புரியாம இல்ல. ஆனா நானும் எவ்வளவுதான் தாங்கிப் பிடிக்கறது? வைஃபைல வேல பாக்கக்கூடாது, கதவு இருக்கற ரூம்ல ஒயர் போட்டுத்தான் பாக்கணும், அதான் ரூல். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த ரூம்லேருந்து ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அனுப்புங்க. இல்லேன்னா திங்கக்கிழமைலேருந்து சென்னை ஆபீஸ் வந்துடுங்க." சரி மேடம் என்றான். எதற்குமே சரி மேடம் என்று சொல்கிற வாய் அது, இப்போதெல்லாம். அதற்குப் பிறகு முசிறிக்குப் போன் போட்டு அரசியிடம் சொன்னான். மங்கையர்க்கரசி, இவன் மனைவி. ஐப்பசியில் அம்மா வீட்டுக்குப் போனவள், மார்கழி வந்தும் அங்கேயே இருக்கிறாள். மெட்ராஸ் போயிட்டா இந்த வீடு என்று கேட்டாள். பூட்டிட வேண்டியதுதான் என்றான். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, அடித்து ஓய்கிறவரை சும்மா இருந்தாள், பிறகு, "பூட்டிட்டா நான் எங்க வர்றது?" என்றாள். வர்றது. அந்த வார்த்தையை இத்தனை நாளில் இப்போதுதான் அவள் வாயிலிருந்து கேட்கிறான். இவன் என்ன சொல்லியிருக்கவேண்டும்? யாராக இருந்தாலும் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். இவன், "பாக்கறேன், நெட்டு சரியாவுதான்னு பாக்கறேன்" என்றான். வைத்துவிட்டாள்.

ஆக, பார்க்கிறான். அணைத்துப் போட்டால் பாதி வியாதி போகும் என்பார்கள் ஆபீசில். அணைத்தான். திரை கருத்ததும் அதில் தன் முகம் தெரிந்தது, தாடியோடு. யாரோ ஒரு சொந்தக்காரர் பத்திரிகை வைக்க வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. கூடத்துக்குப் போய் வாசல் பக்கம் சுவரில் மாட்டியிருக்கிற ரூட்டரையும் அணைத்துப் போட்டான். அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஒரு பெட்டி இருந்தது. அரசி வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி அதிலிருந்து ஒயர் போய், குழந்தையின் துடிப்பு பச்சை எண்களாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நூற்றி நாற்பது, நூற்றி முப்பத்தெட்டு. அதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் நர்ஸ் ஒருத்தர் பட்டையை இப்படி அப்படி நகர்த்தி நகர்த்திப் பார்த்தார், வேறு பெட்டி கொண்டுவரச் சொன்னார், அதையும் மாட்டிப் பார்த்தார், ஒயரில்தான் ஏதோ என்றார். இவனும் ஒயர்தான் என்று நினைத்தான். அவ்வளவு நிச்சயமாக நினைத்தான். லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும் சிஸ்டர், கொஞ்சம் அழுத்திச் சொருகிப் பாருங்க என்றுகூடச் சொன்னான். அந்த சிஸ்டர் இவனை ஒரு பார்வை பார்த்தாரே. ரூட்டர் முழுசாக விழித்துவிட்டது. பின்னறைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தான். பத்து.

அடுத்தது டிரைவர். கம்ப்யூட்டருக்கும் அந்த நெட்வொர்க் கார்டுக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்துகிற சமாச்சாரம் அது. அது கோணலாகிப் போனாலும் இப்படி மந்தமாகும். அழிக்கவா என்று கேட்டது, அழி என்றான். நிஜமாகவா என்று மறுபடி கேட்டது. நிஜமாகத்தான். பட்டியலில் அந்த வரி காணாமல் போயிற்று. ஒயர் துளையில் இருக்கிறது, கார்டு உள்ளே இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அப்படி ஒன்று பிறந்ததேயில்லை. சே, என்ன வார்த்தை. வேறு வார்த்தை தேடினான், அகப்படவில்லை. அத்தை, அதாவது அரசியின் அம்மா, ஆஸ்பத்திரி வராந்தாவில் இவனை ஓரமாகக் கூட்டிப்போய், "மாப்ள, அவ கேட்டா மொகம் பாக்கலைன்னே சொல்லிடுங்க. பாத்தேன்னு சொன்னா எப்பிடி இருந்துச்சும்பா. சொன்னா மனசுல தங்கிடும். நம்ம பக்கத்துல பெத்தவளுக்குக் காட்டறதில்ல" என்றார். சரிங்கத்தை என்றான். அங்கேயும் சரி. கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. கார்டு தானாகவே பட்டியலில் வந்து குந்திக்கொண்டது, புது டிரைவரோடு, ஒன்றும் நடக்காத மாதிரி. வேகம் பத்து. இவன் உள்ளங்கால் மரத்துப் போயிருந்தது, நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தே பழக்கம். தரையில் ஊன்றி அழுத்தினான், தரை இருப்பதே தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கிற இடத்தில் ஒரு தலையணை இருக்குமே, அந்த மாதிரிதான் இப்போதெல்லாம் உடம்பு பூராவும். தொட்டால் தொட்டது கைக்குத் தெரிகிறது, தொடப்பட்ட இடத்துக்குத் தெரிவதில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது. அழ வரவில்லை டாக்டர் என்று ஒரு டாக்டரிடம் போனால் அவர் என்ன மாத்திரையா எழுதித் தருவார்.

கார்டின் உள் அமைப்புகளைத் திறந்தான். வேகத்தை நீயே பேசி முடிவு பண்ணிக்கொள் என்று விட்டிருந்தது. ஒயரின் இரண்டு முனையும் ஒன்றையொன்று கேட்டு, உனக்கு எவ்வளவு முடியும், எனக்கு இவ்வளவு முடியும் என்று ஒத்துக்கொள்கிற ஏற்பாடு. ஒத்துக்கொண்டதுதான் பத்து. அதென்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று நூறு என்று கட்டாயப்படுத்தினான். உடனே கீழே மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. பத்தும் போச்சு. இவன் கட்டாயப்படுத்தி எது நடந்திருக்கிறது? பழையபடி விட்டான், பத்து வந்தது. ஆடி மாதத்திலிருந்தே இந்தத் தொல்லைதான். அப்போது கோபமெல்லாம் இருந்தது இவனுக்கு, நிறையவே இருந்தது. நெட் கம்பெனிக்காரனைக் கத்தினான். புது ரூட்டர் மாற்றினான். பெரிய பிளான் போட்டான். அதற்கும் சரியாகாமல் போனதும் கடைசியில் படுக்கையில் கிடந்தவள் மேல் திரும்பியது. பாவி, அவள் மேலேயா திரும்பவேண்டும்? டாக்டரம்மா எழுந்திருக்கவே கூடாதென்று படுக்கப் போட்டிருந்தார், கர்ப்பப்பை வாயில் தையல். பாத்ரூமுக்கு மட்டும்தான் எழ அனுமதி. நாள் பூராவும் செல்லைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அதிலும் என்ன பார்ப்பாள் தெரியுமா, கம்பளம் கழுவுகிற வீடியோ. எந்த ஊரோ, யார் வீட்டுக் கம்பளமோ, சாக்கடையிலிருந்து எடுத்த மாதிரி கருப்பாக இருக்கும், ஒருத்தன் தண்ணீரைப் பீய்ச்சி நுரை போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான், கடைசியில் சிவப்பும் நீலமுமாகப் பூ தெரியும். "இதுல என்னடி இருக்கு?" என்று கேட்டதற்கு, "அழுக்கு போறது கண்ணுக்குத் தெரியுதுல்லங்க" என்றாள். ஒருநாள் இவன் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது குரல் அறுந்து அறுந்து போய், மேடம் எல்லார் முன்னாலும் ஒரு சொல் சொல்லிவிட, நேராக அந்த அறைக்குப் போய் வாசலில் நின்று, "நீ நாளு பூரா வீடியோ ஓட்டினா எனக்கு எங்கேருந்து நெட்டு வரும்? உன் கம்பளத்தக் கழுவறதுக்கா நான் பணம் கட்டறேன்?" என்றான். அவள் செல்லைக் கவிழ்த்து வைத்தாள். அன்றையிலிருந்து அந்த அறையிலிருந்து சத்தமே வராது. இவன் நெட் அதற்குப் பிறகும் பத்துதான். சரியாகாததைப் பார்த்தாவது போய், அரசி, நீ பாருடி, அது உன்னால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் ஓரிடத்தில் போய் முட்டி நிற்கிறது, அதற்கு அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது புத்தி.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழ் வீட்டு லூர்து அக்கா, வீட்டுக்காரம்மா. தூக்குவாளியோடு வந்து கூடத்தில் நின்றார். இவனைச் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை இப்போதெல்லாம், கேட்டால் ஆச்சு என்று சொல்லிவிடுவான் என்று தெரியும். "ரசமும் சோறும் வெச்சிருக்கேன், தொட்டுக்க வாழக்கா. ஆறிப்போறதுக்குள்ள தின்னு தம்பி" என்று மேஜையில் வைத்தார். இவன் லேப்டாப்பைக் கையிலேயே தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "என்ன, அது மக்கர் பண்ணுதா?" என்றார். நெட்டு வரலக்கா என்றான். "ஒயர எலி கிலி கடிச்சிருக்கப் போவுது, பாத்தியா?" இன்னும் பார்க்கலக்கா. அக்கா மூடியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார். "அந்த ரூமத் தொறந்து கொஞ்சம் காத்து வர விடு தம்பி. மழக்காலம் பூரா மூடியே கெடந்துச்சு, செவுரு பூத்துடும்." தொறக்கறேங்க்கா. "நாந்தொறந்து கூட்டி விடட்டுமா?" வேணாங்க்கா என்று இவன் சொன்னது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அரசி எப்ப வருது?" என்று படியில் இறங்கிக்கொண்டே கேட்டார். வரும்க்கா. அவர் போனபின் தூக்குவாளியைத் திறந்தான். ரசத்தின் ஆவி மூக்கில் ஏறியது, மிளகு, பெருங்காயம். பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்டுப் பார்த்தான். பதில் இல்லை. மூடி வைத்தான்.

இந்த எலி பேச்சு இவனுக்குத் தெரியாததில்லை. நெட் மந்தமென்றால் முதலில் ஒயரைப் பார் என்று எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவன் காலையிலிருந்து கார்டு, டிரைவர், அமைப்பு, மின்சாரத்தை மிச்சப்படுத்துகிற பொத்தான் என்று ஒவ்வொன்றாக நோண்டிக்கொண்டிருந்ததே ஒயரைப் பார்க்காமல் தப்பிக்கத்தான், வேறென்ன. ஏனென்றால் ஒயர் கூடத்து ரூட்டரிலிருந்து கிளம்பி, சுவரோரமாகப் போய், படுக்கையறைக் கதவுக்கு அடியில் நுழைந்து, கட்டிலின் கால்மாட்டைத் தாண்டி, ஏசி குழாய்க்காகப் போட்ட ஓட்டை வழியாகப் பின்னறைக்கு வருகிறது. அந்த அறைக்கதவை ஐப்பசியில் மூடினது. இவன் படுப்பது கூடத்தில், பாயில். துணிமணியெல்லாம் நாற்காலி முதுகில். ரூட்டர் வாங்கியபோது கூடவே வந்த முழ நீள ஒயர் ஒன்று டப்பாவில் இருந்தது, எடுத்தான். வாசல் ஓரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரூட்டரில் ஒரு முனை, லேப்டாப்பில் ஒரு முனை சொருகினான். விளக்கு பச்சையாக நின்று எரிந்தது. ஆயிரம். பளிச்சென்று ஆயிரம். அப்போ கார்டு நிரபராதி. டிரைவர், நெட் கம்பெனி, புது ரூட்டர், எல்லாரும் நிரபராதி. செல்லைக் கவிழ்த்து வைத்தாளே, அவளும். இங்கேயே உட்கார்ந்து டெஸ்ட் எடுத்து அனுப்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. முடியாது, கேமராவைத் திருப்பி அறையையும் சாத்திய கதவையும் காட்டச் சொல்வார்கள்; அடுத்தவர்களின் ஆஸ்பத்திரிப் பில்லைப் பார்க்கிற வேலை, அதனால் அவ்வளவு கெடுபிடி. எதிரே அரசியின் செருப்பு கிடந்தது. கட்டைவிரல் இடத்தில் தேய்ந்து கருத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெறுங்காலோடுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அங்கிருந்து முசிறிக்குப் போகும்போது அவள் அம்மாவின் செருப்பு. இது இங்கேயே கிடக்கிறது.

சென்னை என்றால் என்ன, போனால் போகிறது. ஏதாவது ஆண்கள் விடுதியில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. காலையில் பஸ், ராத்திரி பஸ். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வீட்டைப் பூட்டி லூர்து அக்காவிடம் சாவியைக் கொடுத்தால் அவரே ஆள் வைத்துச் சாமானையெல்லாம் ஏறக்கட்டிவிடுவார், அந்த அறையையும் சேர்த்து. இவன் பார்க்கக்கூட வேண்டாம். எவ்வளவு சுலபம். நினைக்க நினைக்க ஜில்லென்று இருந்தது. பூட்டிட்டா நான் எங்க வர்றது. குக்கர் விசில். எங்க வர்றது என்று அவள் கேட்டதில் கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டாள். ஆஸ்பத்திரியிலும் அந்தக் குரலில்தான் கேட்டாள், மொகம் பாத்தீங்களா என்று. இவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இல்ல என்றான். அதற்கு முன்னால்தான், மச்சான் பைக் ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டு வந்திருந்தான். அரசியின் நீல சால்வையில்தான் சுற்றியிருந்தது. ஒரு கிலோகூட இருக்காது, ஆனாலும் கை கடுத்தது. ஆற்றங்கரையில் குழி வெட்டின பெரியவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, "பாக்கணும்னா பாத்துக்கய்யா, அப்பறம் ஆவாது" என்று திரும்பி நின்றுகொண்டார். மச்சானும் திரும்பிக்கொண்டான். சால்வையை விலக்கி, இவன். சரி, போதும். எப்போதும் இங்கேதான் வந்து நிற்கும். இல்ல என்று சொன்னதும் அரசி சரி என்றாள். அதற்குப் பிறகு இவனிடம் எதுவும் கேட்கவில்லை, இன்று காலை வரை.

எழுந்தான். உட்கார்ந்தே இருந்ததில் கால் இரண்டும் விறைத்துப் போயிருந்தது. கதவில் கை வைத்தான். மழைக்கு மரம் உப்பி இறுகியிருந்தது, தோளால் ஓர் இடி இடிக்க வேண்டியதாயிற்று. உள்ளே ஈரத் துணி வாசனை, அதற்குள் அவள் தேய்த்துக்கொள்ளும் வலி தைலத்தின் வாசனை. விளக்குப் போட்டான். கட்டில் நின்றது. தலைமாடு தாழ்ந்து, கால்மாடு உயர்ந்து, எதிலிருந்தோ சறுக்கி இறங்குகிற மாதிரி. கால்மாட்டில் கால் ஒன்றுக்கு இரண்டு செங்கல். படுத்திருக்கிற பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் பக்கம் உசத்தி வைக்கச் சொல்லி டாக்டரம்மா சொன்ன அன்றே, லூர்து அக்கா சுற்றுச்சுவர் கட்டி மிச்சமிருந்த செங்கலைக் கழுவி மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் கட்டிலைத் தூக்க, இவன் குனிந்து கல்லைத் தள்ளினான். தேக்குக் கட்டில், அரசி வீட்டுச் சீர், அண்ணனுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. சீக்கிரம் வைப்பா, சீக்கிரம். அரசி சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, "கையி, கையி, பாத்துங்க, கைய நசுக்கிக்காதீங்க" என்றாள். நசுங்கவில்லை. நால்வரும் சிரித்தார்கள். நால்வர் என்றா சொன்னான், ஐவர். ஆடி மாதம் அது. ஆடி. பரஞ்சோதி நின்ற இடத்திலேயே நின்றான். அறைக்கு நடுவில் நின்றுகொண்டு இரண்டாம் தடவையாக ஆடி மாதத்தை நினைத்தான். பிறகு மண்டிபோட்டு, செல்லில் விளக்கை அடித்து, சுவர்ப் பக்கத்துக் கட்டில் காலைப் பார்த்தான்.

சாம்பல் நிற ஒயர் சுவரோரமாக ஒழுங்காக வந்து, அந்தக் காலுக்குக் கிட்டே ஆணி கழன்று சற்றே வளைந்து வெளியே வந்து, செங்கலுக்கு அடியில் போய், அந்தப் பக்கம் வெளியே வந்தது. செங்கலின் கூர் விளிம்பு அதன் மேல். செங்கல் மேல் செங்கல், அதன் மேல் தேக்கு, அதன் மேல் மெத்தை, மெத்தை மேல் அரசி, அரசிக்குள். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. இவன் கையால் இவனே தள்ளின கல். கம்பளத்தை எவனோ ஒருத்தன் எங்கேயோ கழுவிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான், அவன் இவனை ஒன்றும் செய்யவில்லை. பரஞ்சோதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டில் மேல் ஏறிப் படுத்தான். எதற்கு ஏறினான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. அவள் படுத்த மாதிரியே, கால் மேலே தலை கீழே. ரத்தம் தலைக்கு இறங்கி, காதுக்குள் குப் குப் என்றது. நேர் மேலே பேன். இறக்கை மூன்றின் விளிம்பிலும் கருப்பாக ஒட்டடை தடித்துப் போயிருந்தது. இந்த பேன துடைச்சு விடுங்களேன், படுத்தா இதுதான் கண்ணுல படுது என்று ஆவணியில் சொன்னாள், புரட்டாசியில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பாக்கறேன் என்றான். செல்லைக் கவிழ்த்து வைத்த பிறகு அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். அழுக்கு போகவே போகாத ஒன்றை, நாள் பூராவும், வாரக்கணக்கில். இங்கே அழுகை வந்திருக்கவேண்டும் இல்லையா? வரவில்லை. கண் மட்டும் எரிந்தது, தூசியாகக்கூட இருக்கலாம். அரசி, என்று சொல்லிப் பார்த்தான், சத்தமாக. அறைக்குள் அது எங்கும் போகவில்லை.

இறங்கினான். ஒரே ஆளாய்க் கையால் தூக்கிக்கொண்டு மற்றக் கையால் கல்லை எடுக்க முடியாது, இரண்டு முறை பார்த்தாயிற்று. கீழே போய் அந்தோணி அண்ணனைக் கூப்பிடலாம். கூப்பிடப் பிடிக்கவில்லை. கால்மாட்டுப் பக்கம் கட்டிலுக்கு அடியில் புகுந்து, நாலு காலில் நின்று, முதுகைச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தான். அங்கே அவள் கொண்டை ஊசி ஒன்று, காலி மாத்திரை அட்டை, காய்ந்த நெல்லிக்காய்க் கொட்டை. தம் கட்டி எழும்பினான். முதுகெலும்பில் மரம் அழுந்தியது. வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்ததே, அதுவே ஏதோ புதுசாக இருந்தது. கட்டில் கால் கல்லைவிட்டு ஒரு விரல் எழும்பியதும் மேல் கல்லைத் தட்டினான், சரிந்தது. அடிக் கல்லை இழுத்தான், வந்தது. மெல்லக் குனிந்து இறக்கினான். சுவர்ப் பக்கத்துக் கால் தரையைத் தொட்டது. இந்தப் பக்கத்துக் கால் செங்கல் மேலேயே நின்றது, அங்கே ஒயர் இல்லை, தூக்கத் தெம்பும் இல்லை. ஒயர் அந்த இடத்தில் நாடா மாதிரி தட்டையாகிப் போயிருந்தது. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினான். உள்ளே பின்னிக் கிடக்கிற கம்பிகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. உருட்டிக்கொண்டே இருந்தான், குழந்தை கை விரலை நீவி விடுகிற மாதிரி மெதுவாக, அது மறுபடி ஓரளவு உருண்டையாகிற வரைக்கும்.

வாசலோரம் விட்ட லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் ஒயர் முனையை அதில் சொருகினான். விளக்கு ஒரு முறை ஆரஞ்சு அடித்து, யோசித்து, பச்சையாகி நின்றது. ஆயிரம். கதவைச் சாத்திவிட்டு டெஸ்ட் ஓட்டினான், படம் பிடித்து அனுப்பினான். சூப்பர் பரஞ்சோதி, புது ஒயர் மட்டும் ஒண்ணு மாத்திடுங்க, நீங்க அங்கேருந்தே பாருங்க என்று மேடத்திடமிருந்து பதில் வந்தது. சந்தோஷம் என்று ஒன்று வரவேண்டிய நேரம். வரவில்லை. முதுகு மட்டும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. செங்கல் தூசி அப்பிய கையோடு முசிறிக்குப் போன் போட்டான்.

"சரியாயிடுச்சு" என்றான். "மெட்ராஸ் போக வேண்டாம்."

"ஓ" என்றாள் அரசி. பிறகு, "என்னவாம் அதுக்கு?"

"கட்டிலுக்கு வெச்ச செங்கல். ஒயர் மேல வெச்சிட்டேன். நாந்தான் வெச்சேன். ஆடிலேருந்து அதான்."

அந்தப் பக்கம் தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போகிற குரல் போன் வழியாகக் கேட்டது.

"அப்ப நான் பாத்த வீடியோவால இல்ல."

"இல்ல."

"நான் அதாலதான்னு நெனச்சு பேனையே பாத்துக்கிட்டுக் கெடந்தேங்க."

"தெரியும். இப்பதான் படுத்துப் பாத்தேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி அந்த இடத்தில் வந்து நின்றது, சால்வையை விலக்கி, இவன். இந்தத் தடவை அங்கேயே நிற்காமல் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அரசி, நான் பாத்தேன்."

"எத?"

"மொகத்த. ஆஸ்பத்திரில நீ கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். பாத்தேன். ஆத்தங்கரைல தொறந்து பாத்தேன்."

போனை வைத்துவிடுவாளோ என்று பயந்தான். அந்தப் பயம் இருந்ததே, அது மரத்துப் போகாமல் முழுசாக இருந்தது, வயிற்றில், நெஞ்சில், தொண்டையில்.

"எப்பிடி இருந்தா?"

"தூங்கற மாதிரிதான். முடி இருந்துச்சு, நெத்தி வரைக்கும். மோவாயில குழி. உன்னுது மாதிரியே." தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தான். "உன்னுதேதான்டி."

அரசி அழுதாள். இவனும் அழுதான் என்று பிறகுதான் இவனுக்குத் தெரிந்தது, செல் நனைந்து கன்னத்தில் வழுக்கியபோது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது, வழி கேட்கிற அந்தக் குரல்தான், ஆனால் ஈரமாக.

"கல்ல எல்லாம் எடுத்துட்டீங்களா?"

"ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் அப்பிடியே இருக்கு. கட்டில் கோணலா நிக்குது."

"நிக்கட்டும்" என்றாள். "நாளைக்கு நான் வரேன். ரெண்டு பேருமா எடுப்போம்."